மீதி மூன்று விரல்கள்

சித்தூரிலிருந்து தினமும் திருப்பதிக்கு வேலைக்குப் போகிறேன். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் பெரிய கம்பெனி. அங்கே ஒன்பது டீம்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் ஒரே ஹாலில் கூடி, அடுத்த மூன்று மாத வேலையைத் திட்டமிடுவோம். கடைசியில் ஆளாளுக்கு விரல் காட்டவேண்டும். கண்டிப்பாக முடிப்போம் என்றால் ஐந்து. சந்தேகம் கூடக் கூட விரல் குறையும்.

எங்கள் பக்கத்து மரியாதை அதிலும் புகுந்துகொண்டது. பெரிய மேனேஜர் கை தூக்கும்வரை யாரும் தூக்கமாட்டார்கள். அவர் ஐந்து காட்டினால் ஹால் முழுக்க ஐந்து. நானும் பூரித்துப்போய் மேலிடத்துக்கு அப்படியே எழுதிவிடுவேன்.

போன முறை, நகரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டெஸ்டர் பெண் மட்டும் இரண்டு விரல் காட்டினாள். எனக்குச் சுருக்கென்றது.

"என்னம்மா, மீதி மூணு விரல பஸ்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்றேன்.

ஹாலே சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்து, மீதியையும் விரித்தாள்.

அவள் பயந்தது அப்படியே நடந்தது. அடுத்த டீம் தன் பங்கை முதலில் முடித்துத் தரட்டும் என்று இரண்டு டீம்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டன. கடைசி வாரத்தில் எல்லாம் சோதனைக்கென்று அவள் தலையில் விழுந்தது. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக்கூட அவள் போகவில்லை. வேலையை விடப்போகிறேன் என்று அவள் வந்து சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த பிளானிங் வரைக்குமாவது இரு என்று கெஞ்சினேன்.

இந்த முறை, மேனேஜர் கை தூக்குமுன்பே எழுந்து நின்றேன். "எல்லாரும் கண்ண மூடிக்கினு விரல் காட்டுங்க."

இரண்டு, மூன்று, இரண்டு. ஐந்து ஒன்றுகூட இல்லை. மேனேஜரின் கையிலும் இரண்டே விரல்தான். இத்தனை நாளும் எதை எண்ணினேன் என்று வெட்கமாக இருந்தது.

அவள் மட்டும் கண்ணை மூடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"உங்க விரல் எங்கண்ணா? எண்ணறவரு தூக்க வேணாமா?"

நான் ஒருநாளும் தூக்கியதில்லை. தயங்கித் தயங்கி ஒரு விரலைத் தூக்கினேன். அப்புறம்தான் அவள் கை எழுந்தது.

"ரெண்டு," என்றாள். "போன தபாவும் ரெண்டுதாண்ணா."

மேலிடத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். தேதி தள்ளிப்போனது, எனக்கு நல்ல டோஸ் விழுந்தது. அவள் இன்னும் நகரி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள்.