வெல்வெட் டப்பாவுக்குள் ஒரு டிடெக்டர்

போன மாதம் துபாயில் மருமகன் காரில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண், முன்னால் வேகக் கேமரா இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பதவிசாகச் சொன்னாள். மருமகன் காலை லேசாக எடுத்தார். கேமரா தாண்டியதும் மறுபடி அழுத்தினார். அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன மாமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதே வேலைக்காகத் தொண்ணூறுகளில் நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் சொன்னால் மாமனார் மரியாதை என்ன ஆவது? உங்களிடம் சொல்வதற்கென்ன.

அந்தக் காரில் ஸ்ட்ராபெரி வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. எனக்கு அது ஆகாது. ஷார்ஜாவில் கார் அலங்காரக் கடையில் வேலை பார்த்தவனுக்கு அந்த வாசனை ஆயுள் முழுக்கப் போதும். சீட் கவர், கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாள், ஸ்டியரிங்குக்குப் போர்த்தும் போலித்தோல், கூடவே சென்ட் புட்டி. சாயங்காலம் அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அதுவும் ஸ்ட்ராபெரி. சோற்றில்கூட அந்த மணம்தான் அடிக்கும்.

எங்கள் கடையில் அதிகம் விற்றது எது தெரியுமா? டிஷ்யூ டப்பா. சும்மா காகித டப்பா இல்லை. வெல்வெட் உறை போட்டு, ஓரத்தில் தங்கச் சரிகை வைத்து, கல்யாண மேடையில் வைக்கிற மாதிரி இருக்கும். அந்த ஊரில் டாஷ்போர்டில் டிஷ்யூ டப்பா இல்லாத காரை நான் பார்த்ததில்லை. தும்மல் வந்தாலும் வேர்த்தாலும் ஷவர்மா ஒழுகினாலும் கை தானாக அங்கே போகும். யார் காரில் ஏறினாலும் டிஷ்யூ எடுக்க அனுமதி கேட்பதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் குடிப்பதற்குக் கேட்போமா, அப்படித்தான்.

இனி சகாயம் கதைக்கு வருகிறேன். சகாயம் மணப்பாட்டுக்காரன். ஜெபல் அலியில் ஏசி டெக்னீஷியன். நான் காயல்பட்டினம். ஊரில் இருந்தால் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கவே மாட்டோம். அங்கே போனபிறகு உயிர் நண்பர்கள். அவனுக்கு ஒரு பைத்தியம், ஸ்போர்ட்ஸ் கார். ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார என்ஜினியரிடமிருந்து கிடைத்த விலைக்கு வாங்கிவந்தான். இரண்டே கதவு, சிவப்பு. முகப்பு விளக்கு இரண்டும் பானட்டுக்குள்ளிருந்து எழும்பி வரும் ரகம். இதில் ஒன்றுதான் எழும்பும். போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்துக் கண்ணடிக்கும். அந்த ஊரில் டிரைவர் இடப்பக்கம்; பக்கத்தில் உட்காருகிறவருக்கான வலப்பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, வெளியேயிருந்து யாராவது திறந்துவிட வேண்டும். பின்சீட்டு என்று ஒன்று இருந்தது. அதை வடிவமைத்தவனுக்கு மனிதர்களுக்குக் கால் உண்டு என்பது தெரியாது.

ஆனால் ஓடும். அதைச் சொல்லியே ஆகவேண்டும். சனியன், பறக்கும்.

அவன் பறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ரோசரி. ராஸ் அல் கைமாவில் நர்ஸ், அவளும் மணப்பாடு. துபாயில் தமிழ்ப் பூசை நடக்கும் மாதா கோயிலில் பார்த்துக்கொண்டார்கள், பிடித்துப்போயிற்று. அவள் இருந்த நர்ஸ் ஹாஸ்டல் கேட்டை ராத்திரி எட்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பேசலாம். அன்றைக்கெல்லாம் வெள்ளிதான் லீவு, வியாழக்கிழமை சாயங்காலம்தான் எங்களுக்குத் திருநாள். ஜெபல் அலியில் டியூட்டி முடிந்து, துபாய் நெரிசல், ஷார்ஜா நெரிசல் எல்லாம் நீந்தி, உம் அல் குவைன் தாண்டியபிறகு விட்ட நேரத்தைப் பிடிப்பான். பிடித்த இடத்தில்தான் ரேடார் நிற்கும். எதிரே வரும் புண்ணியவான்கள் லைட்டை அடித்துக் காட்டுவார்கள். எல்லா வாரமும் புண்ணியவான்கள் வருவதில்லையே. அபராதம் ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஒன்று விழுந்தால் லைசென்ஸே போய்விடும் என்ற நிலை. லைசென்ஸ் போனால் வியாழக்கிழமை போச்சு. வியாழக்கிழமை போனால் ரோசரி?

அப்போதுதான் ஒரு பிலிப்பைன்ஸ்காரனிடமிருந்து டிடெக்டர் ஒன்றை வாங்கிவந்தான். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். தூரத்தில் ரேடார் இருந்தால் கீச்சுக்கீச்சென்று கத்தும். இதன் சுவிட்ச் உடைந்துபோயிருந்தது, சத்தத்தைக் குறைக்கிற திருகும் இல்லை, அதனால்தான் மலிவு. போலீஸ் கண்ணில் பட்டால் வண்டியையே கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே ஒளிக்க வேண்டும். ஆலோசனைக்கு என்னிடம் வந்தான், கடையில் வேலை பார்ப்பதால் நான் நிபுணனாம்.

முதலில் நிபுணர் சொன்னது பிஸ்கட் டின். டின்னுக்குள் வைத்து மூடினோம், கன கச்சிதம். அடுத்த வியாழக்கிழமை ரேடாரைத் தாண்டியபோது டின் மூச்சுக்கூட விடவில்லை. தகரத்துக்குள் அலை போகாது என்பது நிபுணருக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக அந்த நேரம் அவன் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தான், தப்பித்தான். டாஷ்போர்டில் இருந்த மாதா சிலையின் அடியில் வைக்கலாமா என்று கேட்டேன். முறைத்தான்.

"ஏல, மாதாவ இந்தத் திருட்டுக்குத் துணைக்குக் கூப்பிடாத. அப்புறம் ரோசரி கேட்டுக்கு வரவே மாட்டா."

கடைசியில் டிஷ்யூ டப்பா. கடையில் சரிகை பிய்ந்து ஒதுக்கிவைத்த மெரூன் வெல்வெட் ஒன்று கிடந்தது. அடியை வெட்டி, டிடெக்டரை உள்ளே வைத்து, மேலே பெயருக்குக் கொஞ்சம் டிஷ்யூவை மடித்துவைத்து, டப்பாவை டாஷ்போர்டோடு பசை போட்டு ஒட்டிவிட்டோம். கரண்டுக்கு என்ன செய்வது? சகாயத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த ஒயர் ஒன்றுதான், ஏசி காற்றாடி ஒயர். அதிலேயே முடிச்சுப் போட்டான். ஏசி ஓடினால் டிடெக்டர் ஓடும், ஏசி நின்றால் நிற்கும். உன் மூளையே மூளை என்று நானும் முதுகில் தட்டினேன். வெட்கக்கேடு.

சில வாரம் சொகுசாகப் போனது. பிறகுதான் ஜெயசீலன் வந்தார்.

ஜெயசீலன் ரோசரியின் அண்ணன். ராஸ் அல் கைமாவிலேயே பள்ளிக்கூட பஸ் டிரைவர். எண்பதுக்கு மேல் முள் ஏறியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அப்பா அம்மா ஊரில் இருந்தாலும் இவர் தலையசைத்தால்தான் கல்யாணம். விஷயம் காதுக்கு வந்ததும் ஆளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம், சிவப்பு வண்டி என்று கேள்விப்பட்டேனே என்று மட்டும் கேட்டாராம். வெள்ளிக்கிழமை பூசைக்கு அந்த வண்டியிலேயே துபாய்க்கு வருகிறேன், பையன் ஓட்டுகிறதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று தங்கையிடம் சொல்லியனுப்பினார். ஊரில் பெண் பார்ப்பார்கள், மாப்பிள்ளை பார்ப்பார்கள். வண்டி பார்க்கிற படலத்தை அன்றுதான் பார்த்தேன்.

வியாழன் ராத்திரி நானும் சகாயத்தோடு போய் ராஸ் அல் கைமாவிலேயே தங்கினேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் டப்பாவைப் பெயர்த்துவிடலாம் என்று பிளேடோடு போனோம். மனுஷர் எங்களுக்கு முன்னால் வந்து, தேய்த்த வெள்ளைச் சட்டையில் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். பிளேடைப் பையில் போட்டுக்கொண்டேன். சகாயம் ஓடிப்போய் அவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டான். அவருக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. கதவின் ரகசியம் அவருக்கு எப்படித் தெரியும்? ஜும்மா தொழுகைக்குள் ஷார்ஜாவில் இறக்கிவிட்டால் போதும் என்று நான் பின்சீட்டில் முழங்காலைக் காதோடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் மாதம். ஏசி போடாமல் இருக்க முடியாது. போட்டான். முள்ளை எண்பதில் நிறுத்தி, தேர் இழுக்கிற மாதிரி ஓட்டினான். வழியில் எங்களைத் தாண்டாத வண்டி இல்லை, கோழி ஏற்றிய பிக்கப் உட்பட. கொஞ்ச தூரத்தில் டப்பா கீச்சென்றது. ஜெயசீலன் தலையைத் திருப்பி, அது என்ன தம்பி என்றார். அந்நாளில் வளைகுடா கார்கள் நூற்றிருபதைத் தாண்டினால் தானாக மணியடிக்கும். சகாயம் அதைப் பிடித்துக்கொண்டான்.

"வேக மணிதாம்ணே. நூத்தியிருவதுல இருந்தத நாந்தான் எம்பதுக்கு இறக்கி வச்சிருக்கேன். நம்ம கவனத்துக்கு."

ஜெயசீலனுக்கு முகம் மலர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். இப்படி ஒரு பிள்ளையா என்கிற மலர்ச்சி. அதற்குப்பிறகு டப்பா கத்தும்போதெல்லாம் சகாயம் வேகத்தைக் குறைப்பான், ரேடார் தாண்டியதும் அது வாயை மூடும், அவர் தலையை ஆட்டி ரசிப்பார். கல்யாணமே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உம் அல் குவைன் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் தண்ணீர் வாங்க நிறுத்தினோம். அங்கிருந்த கடைக்குத் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள், அப்போது அது புதுசு. அந்தக் கதவுக்கும் ரேடாருக்கும் ஒரே அலைதானாம், யார் கண்டது? யாரோ கடைக்குள் போனார்கள், டப்பா அலறியது. யாரோ வெளியே வந்தார்கள், மறுபடி அலறியது. ஜெயசீலன் முள்ளைப் பார்த்தார். பூஜ்யம்.

"நிக்கிற வண்டிக்கு என்ன தம்பி வேகம்?"

அவர் கையை நீட்டி டிஷ்யூ மடிப்பைத் தூக்கினார். உள்ளே சிவப்புப் புள்ளிகள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. பஸ் டிரைவருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டுமா? முகம் இறுகியது. இறங்கக் கதவுப் பிடியை இழுத்தார். அது என்றைக்கு உள்ளேயிருந்து திறந்தது? இழுத்துக்கொண்டே இருந்தார். சகாயம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். எல்லாம் போயிற்று என்று அவன் முதுகிலேயே எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போலீஸ்காரர் ஒருவர் சுலைமானி என்கிற பால் விடாத டீக் கோப்பையோடு எங்களை நோக்கி வந்தார். வண்டியை வழியில் நிறுத்தியிருந்தோம், முன்னால் எடுக்கச் சொல்ல வந்திருக்கிறார். சகாயம் பட்டென்று ஏசியை அணைத்தான், டப்பா அடங்கியது. ஜெயசீலன் பக்கக் கண்ணாடியை அவர் தட்டியபோது டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. ஜெயசீலன் கண்ணாடியை இறக்கியதும் குனிந்து பார்த்தவர் கண்ணில் வெல்வெட் டப்பா பட்டது. அந்த ஊர் வழக்கப்படி கையை நீட்டிவிட்டார்.

நான் கலிமா சொல்லிக்கொண்டேன்.

போலீஸ்காரரின் விரல் டப்பாவைத் தொடுவதற்குள் ஜெயசீலன் தன் இடது கையை அதன்மேல் வைத்து அமுக்கிக்கொண்டார். வலது கையால் மெதுவாக ஒரு டிஷ்யூவை உருவி, பிறகு இன்னொன்றையும் உருவி, தஃபத்தல், எடுத்துக்கொள்ளுங்கள் என்று பவ்யமாக நீட்டினார். பூசையில் காணிக்கை வைப்பவர்கூட அவ்வளவு பக்தியாக நீட்டமாட்டார். போலீஸ்காரர் துடைத்துக்கொண்டார், ஷுக்ரன் என்று நன்றி சொன்னார், வண்டியை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

சாலைக்கு வந்தபிறகும் ஏசியைப் போட யாருக்கும் தைரியமில்லை. கண்ணாடியை இறக்கினால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி காற்று. அவருடைய வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டார். தம்பி என்று கூப்பிட்டதெல்லாம் போய்விட்டது.

"எதுக்குல இது ஒனக்கு?"

"எட்டு மணிக்கு கேட்டச் சாத்திருவாங்கண்ணே" என்றான் சகாயம். "பிந்திட்டா அந்த வாரம் அவளப் பாக்க முடியாது."

அவ்வளவுதான் சொன்னான். காதல் அது இது என்று ஒன்றும் அளக்கவில்லை. ஹாஸ்டல் கேட்டை ஜெயசீலனுக்கும் தெரியும். தங்கைக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்.

"இனிமே மெதுவா வா. எட்டு ஆனா ஆவட்டும், ஒம்பது ஆனா ஆவட்டும். நம்ம வீட்டு ஆளுன்னு கேட்ல சொல்லி வைக்கேன்."

சகாயம் வண்டியை மணலோரமாக நிறுத்திவிட்டு அழுதான். எனக்கும் கண் கரித்தது, வேர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயசீலன்தான் ஏசியைப் போடச் சொன்னார். அது கத்துமே என்று சகாயம் இழுத்தான். கத்தினால் கத்தட்டும், வேகுது என்றார்.

கல்யாணம் மணப்பாட்டில் நடந்தது, நான் போய் இரண்டு பந்தியில் சாப்பிட்டேன். காரைச் சகாயம் விற்றுவிட்டான், டப்பாவைப் பெயர்க்க முடியாமல் அதோடுதான் விற்றான். வாங்கியவன் என்ன பாடுபட்டானோ. இப்போது சகாயமும் ரோசரியும் ஊரோடு வந்துவிட்டார்கள். கேட்டு இருந்த காலத்தில் பறந்து வந்த மனுஷன் இன்றைக்கு ஹாலிலிருந்து அடுக்களைக்கு வர நாலு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது என்று ரோசரி போனில் புலம்புவாள்.

இந்த முறை ராஸ் அல் கைமாவுக்கும் போய்ப் பார்த்தேன். ஹாஸ்டல் இருந்த இடத்தில் கார் பார்க்கிங். எதிரே வருகிறவனுக்கு லைட் அடித்துக் காட்டுகிற ஆட்கள் இல்லை, அவரவர் போனில் அந்தப் பெண் பேசிக்கொண்டிருக்கிறாள். வெல்வெட் டப்பாக்களும் எங்கே போயினவோ. லீவைச் சனி ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள், வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாரும் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஜெயசீலன் போன வருஷம் தவறிவிட்டார். நான் அடக்கத்துக்குப் போக முடியவில்லை, சகாயத்துக்குப் போன் செய்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் தடுமாறினேன். அவன்தான் பேசினான்.

"மச்சான் முன்னாடியே போயாச்சுல. அங்கயும் நம்ம வீட்டு ஆளுன்னு கேட்ல சொல்லி வச்சிருப்பாரு. நான் மெதுவாப் போனாப் போதும்."