அயினி வேரைத் தாண்டும் சைக்கிள்

இரணியல் பக்கம் எங்கள் ஊர்ப் பொற்றையில் சைக்கிள் விட இப்போது நாகர்கோவிலிலிருந்துகூட ஆள் வருகிறது. பாறையும் முட்புதருமாகக் கிடந்த சர்க்கார் புறம்போக்குக் குன்று அது. அங்கே ஒரு தடம் உண்டானதற்குக் காரணம் சத்தியநேசனின் தூக்கம். சிரிக்காதீர்கள், நாங்கள் போதுமான அளவு சிரித்தாயிற்று.

சத்தியநேசன் மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டினான். கேம்ப்பில் கட்டிலுக்கு மேல் கட்டில். ஒருவன் குறட்டை விடுவான், இன்னொருவன் போனில் பெண்டாட்டியோடு சண்டை பிடிப்பான். சத்தியநேசன் கண்ணை மூடி ஊர்ப் பொற்றையின் உச்சிக்குப் போய்விடுவான். சிறுவயதில் அப்பாவின் சைக்கிளில் உருண்டு புரண்டு இறங்கிய ஒற்றையடிப் பாதை அது. முதலில் இரட்டைக் கல், இடையில் நுழைய வேண்டும். அப்புறம் மழைத்தண்ணீர் அரித்த பள்ளம். கடைசியில் பாதைக்குக் குறுக்கே அயினி மரத்தின் வேர். அங்கே முன்சக்கரத்தைத் தூக்குவான். தூக்கிய சக்கரம் தரையில் இறங்கியதே இல்லை, அதற்குள் தூங்கியிருப்பான். அத்தனை வருடமும் அவனைத் தூங்க வைத்தது அந்தப் பாதைதான்.

2011இல் ஒரு கியர் சைக்கிளோடு ஊருக்கே வந்துவிட்டான். நல்ல மெத்தை, மின்விசிறி, பக்கத்தில் மனைவி நேசம்மாள். தூக்கம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் பாதைக்குப் பதில் புதர்தான் தெரிந்தது. பொற்றையில் பாதையைப் புதர் மூடியிருந்தது. ஒரு தடவை நிஜமாகவே இறங்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்பினான்.

ஆராதனை முடிந்து சர்ச் முற்றத்தில் நின்றவர்களிடம் கேட்டான். "பொற்றையில அந்தப் பழைய பாதைய வெட்டித் தெளிச்சுக் குடுத்தா போரும். சைக்கிள் விடுகதுக்கு."

வார்டு மெம்பர் பகவதியப்பனிடமும் போனான். "சர்க்கார் பூமி. ஊருக்கு எதிர்ப்பு இல்லேன்னா எனக்கென்ன?" என்றார் அவர். ஊரில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. கோயில் தெரு ஆட்களும் சர்ச் ஆட்களும் வெட்டுக்கத்தியும் மண்வெட்டியுமாக ஏறினோம். அந்த வாரம் பார்த்து சத்தியநேசன் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

முற்றத்தில் ஒரு இலை கிடந்தால் பொறுக்காத ஊர் எங்களுடையது. புதரை வெட்டியதோடு நிற்க மனம் வரவில்லை. பள்ளத்தைச் செம்மண் போட்டு நிரப்பினோம். இரட்டைக் கல்லைப் பெயர்த்தோம். பக்கத்து வீட்டு நேசமணி அக்கா அதை அடுப்புக்கு எடுத்துப்போனாள். "அவிய தட்டி விழுந்திரப்பிடாது" என்று அயினி வேரை நேசம்மாளே வெட்டி எறிந்தாள். பெண்கள் உச்சியிலிருந்து அடிவாரம் வரை கூட்டிப் பெருக்கினார்கள். தலைவகிடு மாதிரி இருந்தது பாதை.

காய்ச்சல் விட்டதும் அவனை அழைத்துப் போனோம். உச்சியில் நின்று கீழே பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எப்பிடி இருக்கு? வாற வருசம் காங்கிரீட்டும் போட்டிரலாம்" என்றார் பகவதியப்பன்.

அவன் கண்ணில் தண்ணீர். சந்தோஷம் என்று நினைத்து நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

"இது ரோடா ஆயிப்போச்சுல்லா மக்கா" என்றான். பிறகுதான் மஸ்கட்டையும் கட்டிலையும் கல்லையும் வேரையும் சொன்னான்.

நேசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அப்பம் அங்க கெடந்து கல்லையும் வேரையுமா நெனச்சிய? என்னைய நெனைக்கல்லியா?"

விழுந்து விழுந்து சிரித்தோம்.

"அந்த வேரத் தாண்டினாத்தான பிள்ளே வளைவு. வளைவுலதான நம்ம வீடு தெரியும்" என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. நேசம்மாள் வேர் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்பால் செய்த காரியத்துக்கு யார்மீது கோபப்படுவதென்று அன்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஊரே கல் சுமந்தது. நேசமணி அக்கா அடுப்பைக் கலைத்து, கரி பிடித்த இரண்டு கல்லையும் கொண்டுவந்தாள். சத்தியநேசன் கண்ணை மூடி நின்றான். "இன்னும் கொஞ்சம் எடது பக்கமா... ஆ, அங்கதான்." பள்ளத்தில் போட்ட மண்ணைத் திரும்ப அள்ளினோம். "காங்கிரீட்டு வேண்டாம்னு சொல்லுக ஊர இப்பந்தான் பாக்கேன்" என்று பகவதியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். வேரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவன் இறங்கினான். வேர் இருந்த இடம் வந்ததும் வெறும் மண்ணின் மேல் முன்சக்கரத்தைத் தூக்கினான். இன்றைக்கும் தூக்குகிறான். அவனுக்குப் பின்னால் வருகிற வெளியூர்க்காரர்கள், ஏதோ இருக்கிறது என்று நினைத்து, அவர்களும் தூக்குகிறார்கள்.

ஒருநாள் கேட்டேன். "ஏலே, இப்பம் ஒறக்கம் வருதா?"

"வருது மக்கா. ஆனா கொஞ்சம் பிந்தும்."

"ஏன்?"

"இப்பம் சக்கரம் தரையில எறங்குதுலா. வளைவு திரும்பி, வீட்டுக்குப் போய்ச் சேந்த பொறவுதான் ஒறக்கம்."