ஃபெல்ட்

சுதர்ஷினிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் எங்கள் தெருவுக்கே கொஞ்சம் பெருமை. யட்டவத்தப் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, மாத்தளை டவுனில் தனியாக இருந்த பாலாமணி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்ததே அந்த இங்கிலீஷால்தான். அம்மாவின் மகன் நிரஞ்சன் ஆஸ்திரேலியாவில். அங்கே போனை எடுப்பது பெரும்பாலும் அவருடைய வெள்ளைக்கார மனைவி. தங்களைக் கேட்காமல் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது என்பது நிரஞ்சனின் உத்தரவு. அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே ஆட்டிவைப்பதில் சிலருக்கு அப்படி ஒரு சுகம்.

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டை சுவரில் இடித்தது. ரத்தம் வரவில்லை. தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்ததும், "ஒண்ணுமில்லடி" என்று சொல்லி அழுதார். சுதர்ஷினி உடனே போன் போட்டாள். மனைவிதான் எடுத்தாள்.

"மதர் ஃபெல்ட், மேடம். ஃபெல்ட் டவுன்."

திரும்பத் திரும்பச் சொன்னாளாம். கவலையாக இருக்கிறாரா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். அம்மா அழுதுகொண்டுதானே இருந்தார், "யெஸ், க்ரையிங்" என்றாள் இவள். படுக்கவைத்துப் பேச்சுத்துணையாக இருங்கள், நிரஞ்சன் வந்ததும் பேசுவார் என்று அந்தப் பெண் அன்பாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

சுதர்ஷினி அப்படியே செய்தாள். சாயங்காலம் அம்மா வாந்தியெடுத்து நினைவிழந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. தலைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம்.

காரியத்துக்கு வந்த நிரஞ்சன் எல்லார் முன்னாலும் கேட்டார்: "விழுந்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதத்தாங்க ஐயா சொன்னேன்."

யாரும் நம்பவில்லை; விழுந்ததாக இவள் சொல்லவேயில்லை என்று அந்த மனைவி சொன்னதைத்தான் நம்பினார்கள். அதற்குப் பிறகு டவுனில் ஒருவரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. வெள்ளைக்காரி பொய் சொல்கிறாள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று நான் டைப் அடிக்கும் கடைக்கே வந்துவிட்டாள். "இங்கிலீஷ் தெரிஞ்சவங்க நீங்களே சொல்லுங்கக்கா" என்று, போனில் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள். மழுப்பிவிடலாம் என்று பார்த்தேன். அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"விழுந்ததுக்கு ஃபெல்லுன்னுதான் சொல்லணும், சுதா. கடைசியில ட் வராது."

"அப்ப ஃபெல்ட்டுன்னா?"

"மனசுல படுறதுக்குச் சொல்றது. ஃபெல்ட் டவுன்னு சேத்துச் சொன்னா, அம்மா மனசொடிஞ்சு இருக்காங்கன்னு அவங்களுக்குக் கேட்டிருக்கும்."

கடை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டித்தான் ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

"அப்ப அவ சரியாத்தான் வெளங்கியிருக்கா" என்றாள். "இனி நான் யாரக்கா திட்டுறது?"