மார்த்தாண்டத்து ராமெனும் என் நாக்கும்

சுவை பார்க்கும் வேலையில், வயிறு நிறைந்த பிறகும் நாக்கு பணியில் இருந்தாக வேண்டும். வீட்டில் கரண்டியை நீட்டி, "உப்பு சரியா?" என்று கேட்கப்பட்டு, உண்மை சொல்லவும் முடியாமல், பொய் சொல்லவும் துணியாமல் விழித்து நின்ற அனைவரும் என் சக ஊழியர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகள் ஷைனி, ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் பணியாற்றியவள். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஏதேனும் ஓர் ஊருக்கு ரயிலேறி, அவ்வூர்ச் சிறு கடையில் ராமென் உண்டு திரும்புவது அங்கே அவள் வழக்கம். ராமென் என்பது சூடான சாற்றில் நூடுல்ஸை இட்டுத் தரும் உணவு. ஊருக்கு ஊர் சாறு மாறும். நாடு திரும்பியவள் மார்த்தாண்டத்தில் ஒரு சிறிய ராமென் கடையைத் திறந்து, என்னைச் சுவை பார்க்க அமர்த்தினாள். கத்தாரில் இருக்கும் அவள் கணவன் ராபின் ஒரு நிபந்தனை விதித்திருந்தான். கிறிஸ்துமசுக்குள் கடை நிலைபெறாவிட்டால், அதைப் பூட்டிவிட்டு, அவன் சொல்லி வைத்திருக்கும் வேலைக்குக் கத்தாருக்கு வந்துவிட வேண்டும். மீண்டும் ஒரு வெளிநாடு, மீண்டும் ஒரு விடுதி அறை என்று நினைத்தாலே அவள் முகம் வாடிவிடும்.

கலங்கல்

முதல் நாள், ஜப்பானின் தெற்கிலுள்ள ஹகாதா முறைப்படி, பன்றியெலும்பைப் பகல் முழுதும் கொதிக்க வைத்துப் பால் நிறச் சாறு ஒன்றை என் முன் வைத்தாள். அருந்தினேன், ஐயம் தீர மீண்டும் அருந்தினேன். "தொடக்கம் நன்று, நடுவில் சற்றுத் தொய்வு, முடிவில் உப்பு மிகுதி, மொத்தத்தில் தெளிவு போதாது" என்றேன். கலங்கலாக இருப்பதுதான் அந்தச் சாற்றுக்கே அழகு என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. ஷைனி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"மாமா, நீங்க பேப்பரு திருத்தண்டாம். தின்னா நல்லா இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

கருவாட்டுத் தண்ணீர்

சில ஊர்ச் சாறுகளுக்குக் கருவாடுதான் அடிப்படை. கடற்கரை ஊரான முட்டத்திலிருந்து நெத்தோலிக் கருவாடு கொண்டுவந்து தரும் செலின் அம்மாளுக்கு, இவ்வளவு கருவாட்டை இந்தப் பெண் என்னதான் செய்கிறாள் என்று ஒருநாள் சந்தேகம் வந்துவிட்டது. நேராக அடுக்களைக்குள் வந்து நின்றார். ஷைனி கருவாட்டைக் கொதிக்க வைத்தாள், வடிகட்டினாள், சாற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, கருவாட்டை வாளியில் கொட்டினாள். செலின் அம்மாள் இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஏ பிள்ளே, மீனத் தூரப் போட்டுட்டுத் தண்ணியவா விக்கிய? இத எங்க கடப்பொறத்துல சொன்னா, செலினுக்குப் பயித்தியமுன்னு சொல்லுவாவ!"

நாளுக்கோர் ஊர்

திங்களன்று ஓர் ஊரின் ராமென், செவ்வாயன்று வேறோர் ஊரின் ராமென் என்று ஷைனி வகுத்திருந்தாள். அருமனையிலிருந்து வந்த ரப்பர் தோட்டக்காரர் ஒருவர், வெள்ளியன்று ஜப்பானின் வடக்குப் பகுதியின் கெட்டியான சோயா விழுதுச் சாற்றை உண்டு மகிழ்ந்து, திங்களன்று மனைவியையும் மைத்துனரையும் அழைத்து வந்தார். அன்று கிடைத்ததோ தெளிந்த சாறு. ஏமாந்துபோன அவரிடம், முட்டத்து மீன்குழம்பும் அருமனை மீன்குழம்பும் ஒன்றாகவா இருக்கின்றன என்று நான் பொறுமையாக எடுத்துரைத்தேன். அவர் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. எழுந்து போகும்போது, காலியாகக் கிடந்த மற்ற மேசைகளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சாரே, அப்ப இந்தக் கடையில நாளுக்கொரு மாமியாரா சமைக்கியாவ?"

மூப்பரின் ஜெபம்

நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உணவு முன்னே வந்த பிறகே ஜெபம். சோறு அதற்காகக் காத்திருக்கும்; ராமென் காத்திருக்காது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் மூப்பர் குடும்பத்தோடு வந்தார். ஆவி பறக்கும் கிண்ணங்களை வைத்தோம். மூப்பர் கண்களை மூடினார். ஆண்டவரைத் துதித்தார், சபைக்காக வேண்டினார், நாட்டுத் தலைவர்களுக்காக வேண்டினார், பிறகு சபையின் நோயாளிகளைப் பெயர் பெயராக நினைவுகூர்ந்தார். அவர் "ஆமென்" என்றபோது நூடுல்ஸ் சாறு முழுவதையும் குடித்து உப்பிக் கிடந்தது.

ஷைனி அழவில்லை, ஜெபத்தின் வரிசையை மனத்தில் குறித்துக்கொண்டாள். மறு ஞாயிறு மூப்பர் கண்மூடியபோது மேசை வெறுமையாக இருந்தது. அவர் நாட்டுத் தலைவர்களைக் கடந்து நோயாளிகளை எட்டியபோதுதான், அடுக்களையில் நூடுல்ஸ் கொதிநீரில் விழுந்தது. "ஆமென்" என்று கண் திறந்தார், எதிரே கிண்ணம். அவர் என்னிடம் வியந்து சொன்னது ஊரெல்லாம் பரவி, ஞாயிறுதோறும் மேசைகள் நிறையத் தொடங்கின.

"சாரே, நானும் எத்தனையோ காரியத்துக்கு ஜெபிச்சிருக்கேன். இம்புட்டு சடுதியா பதிலு கெடச்சது இங்கதான்!"

ராபின் வந்த ஞாயிறு

ஜெபிக்கும் மேசையை ஷைனி காதால் அறிவாள். ஜெபிக்கும் வழக்கமில்லாதவர்கள் அமர்ந்தால், "போடலாம்" என்று அடுக்களைச் சாளரத்தில் நான் குரல் கொடுப்பேன். இரண்டில் ஒன்று கேட்காமல் நூடுல்ஸ் கொதிநீரில் விழாது. இந்த ஏற்பாடு ராபினுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு ஞாயிறு, யாருக்கும் அறிவிக்காமல், விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே கடைக்கு வந்தான். "மாமா, அவகிட்ட சொல்லாதீங்க. கட எப்பிடி ஓடுகுன்னு பாக்கணும்" என்று என் காதில் சொல்லிவிட்டு ஒரு மூலையில் அமர்ந்தான்.

கைப்பேசியைப் பார்த்தான்; கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கிண்ணம் வந்தது, அவனுக்கு வரவில்லை. நான் குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன், தானாகவே கண்மூடுவான் என்று காத்திருந்தேன். அவன் முகம் சிவந்தது. கத்தார் வேலை உறுதியாகிக்கொண்டிருக்கிறது என்று நான் அஞ்சி, சாளரத்தை நோக்கி எழுந்த வேளையில், அவனை இன்னாரென்று அறியாத பக்கத்து மேசைப் பெண்மணி குனிந்து, "எண்ணே, ஜெபிக்காம இருந்தா இங்க ஒண்ணும் வராது. கண்ண மூடுங்க!" என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். ராபின் நிறைந்த மேசைகளைப் பார்த்தான். இடத்துக்காக வாசலில் நின்றவர்களைப் பார்த்தான். பிறகு கண்களை மூடி வாய்விட்டு ஜெபித்தான். குரலை அடையாளம் கண்ட ஷைனியின் தலை சாளரத்தில் தெரிந்தது.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்ட ஆசீர்வதியும். கத்தாருல நான் சொல்லி வச்ச வேலைக்கு வேற ஆள அனுப்பித் தாரும். பசி தாங்க முடியல, ஆமென்."

சுவை பார்ப்பவன் சொல்லும் திருத்தங்களால் அல்ல, பசியோடு காத்திருப்பவர்களாலேயே ஒரு கடை நிலைக்கிறது என்று கண்டுகொண்ட பின், கிண்ணம் காலியான பிறகே நான் கருத்துக் கூறுகிறேன்.