நூறு பொருளுக்குள் அடங்காத அண்டாக்கள்

அன்னவாசலில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம், நானும் என் வீட்டுக்காரரும். எந்தப் பாத்திரம் எந்த விசேஷ வீட்டில் இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் போன வருடம் செல்போனில் ஒரு ஆப் போட்டேன். மாதச் சந்தா. இருப்பதிலேயே சின்ன பிளானில் நூறு பொருள் வரைக்கும் ஏற்றலாம் என்றிருந்தது. நம் கடைக்கு நூறு தாராளம் என்று நினைத்து, ஏற்றுகிற வேலையை அவரிடம் விட்டேன். அந்த நூறு எதைக் குறிக்கிறது என்று நானும் அப்போது படித்துப் பார்க்கவில்லை.

'அண்டா' என்று ஒரே பொருளாகப் போட்டு, பக்கத்தில் எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும். வரம்பெல்லாம் வகைக்குத்தான், உருப்படிக்கு இல்லை. இவரோ ஒவ்வொரு அண்டாவையும் தனித்தனிப் பொருளாக ஏற்றியிருக்கிறார். வாய் நெளிஞ்சது, ஒத்தக் காது, பாலத்துல உருண்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கரண்டிகளைக்கூட விடவில்லை. பெற்ற பிள்ளைகளை மனிதர் இவ்வளவு அடையாளத்தோடு கூப்பிட்டதில்லை.

ஆவணியில் புதிதாக ஒரு இட்லிக் கொப்பரை வாங்கினோம். அதை ஏற்றப் போனால், வரம்பு முடிந்துவிட்டது என்று ஆப் சொல்லிவிட்டது. என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் திட்டுவேனாம். தானே யோசித்து, கடையிலேயே பெரிய அண்டாவை ஆப்பிலிருந்து அழித்துவிட்டுக் கொப்பரையை ஏற்றியிருக்கிறார். அந்த அண்டா வாடகைக்குப் போயிருந்தது. கடையில் இல்லாத சாமானுக்கு எதற்கு இடம் என்பது அவர் நியாயம். அது யார் வீட்டில் இருக்கிறது என்ற தகவலும் அதோடு சேர்ந்து போயிற்று.

அந்த வாரமே வியாழக்கிழமை காலையில் நார்த்தாமலையிலிருந்து ஒரு அம்மா வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. புருஷன் இல்லாமல் தனியாளாக மகளைக் கட்டிக்கொடுக்கிறவர். மறுநாள் கல்யாணம். சோறு வடிக்க அந்தப் பெரிய அண்டாவைத்தான் சொல்லி வைத்திருந்தார்.

"ஒங்கள நம்பி வேற எங்கிட்டும் சொல்லலத்தா" என்றார்.

ஆப்பில் அந்த அண்டாவைக் காணோம்; இவரைக் கேட்டதும்தான் அழித்தது வெளியே வந்தது. நல்ல முகூர்த்த நாள், வேறு கடையிலும் கிடைக்காது. சாயங்காலம் வண்டி வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்த வாரம் கடைக்கு வந்துபோன முகங்களை நினைவுபடுத்தி ஒவ்வொருவருக்காகப் போன் அடித்தேன். வளைகாப்பு முடிந்த ஒரு வீட்டில் அண்டா அகப்பட்டது. அதில் தண்ணீர் பிடித்து வைத்துப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். இவரே போய்த் தண்ணீரைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, குட்டியானை வண்டியில் ஏற்றி நார்த்தாமலையில் இறக்கிவிட்டு வந்தார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் வாயும் வந்தது. திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் செல்போனை எடுத்து, அவர் ஏற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வகைவாரியாக ஒன்றாகச் சேர்க்க ஆரம்பித்தேன். நடுவில் 'ஓட்டை அண்டா' என்று ஒன்று வந்தது. அடி விட்டுப்போய்ப் பரணில் கிடப்பது, வாடகைக்கே போகாதது.

"இத அழிச்சிருந்தா ஒரு வம்பும் இல்லையேங்க?" என்றேன்.

"அது நீ சீராக் கொண்டாந்ததுல்ல" என்றார். "அத எப்புடி அழிக்கிறது?"

மற்ற அண்டாக்களை எல்லாம் ஒரே பொருளாக்கினேன். அதை மட்டும் தனியாகவே விட்டுவிட்டேன்.