ஒரே சங்கிலிக்கு மூன்று கடன்

செட்டியார்பட்டியில் என் வீட்டு முன்னறையில் ஐந்து தையல் மெஷின்கள் ஓடுகின்றன. நைட்டி தைக்கிறோம். சொந்தமாக இரண்டு ஓவர்லாக் மெஷின் இருந்தால், ஓரம் அடிக்க ராஜபாளையத்துக்குத் துணியை அனுப்பிவிட்டு அவர்கள் தருகிற நாளுக்காகக் காத்துக்கிடக்க வேண்டாம். அதற்குத்தான் போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கியில் கடன் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அங்கே கணக்கு உண்டு.

கடன் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "மூணு நகைக்கடன் கட்டாம நிக்குதேம்மா. பொறவு எப்படிக் குடுக்க?" என்றார். பின்னால் நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நூல்காரருக்குக்கூட ஒரு ரூபாய் பாக்கி வைக்காதவள் நான்.

என் பெயரிலுள்ள எல்லாக் கடன்களையும் காட்டுகிற கடன் அறிக்கையை வாங்கிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. என் சங்கிலி ராஜபாளையத்தில் ஓர் அடகுக் கம்பெனியில் நான்கு வருஷம் இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான்: வருஷம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி, அதே நகையை மாற்றி வைப்போம். நகை பெட்டியை விட்டு வெளியே வராது. பழைய அசல் புதுக் கடனுக்கு மாறி, புதுச் சீட்டு மட்டும் கைக்கு வரும். பழைய கடனைக் கணக்கில் முடித்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, அவர்களும் முடிக்கவில்லை. கடைசியில் முழுப்பணம் கட்டி மீட்டபோது நான்காவது சீட்டு மட்டும் முடிந்தது. முதல் மூன்றும் அறிக்கையில் அப்படியே நின்றன.

மில்லில் ஷிப்டு முடிந்து வந்த வீட்டுக்காரர், "விட்டுத்தள்ளுட்டி. சங்கிலிய வச்சு மெஷின வாங்கு. அவியளோட மல்லுக்கு நிக்க நம்மால ஏலுமா?" என்றார்.

"நான் ஏமாத்துக்காரின்னு எழுதி வச்சிருக்காவ. அத அழிக்காம இது கழுத்த விட்டு இறங்காது," என்றேன்.

அறிக்கை தருகிற நிறுவனத்துக்குப் போனிலேயே புகார் எழுதினேன். மூன்று கடனுக்கும் தனித்தனியாக. ஒரு மாதம் கழித்து, "அடகுக் கம்பெனியைக் கேட்டோம், கடன் உண்மைதான் என்கிறார்கள்" என்று பதில் போட்டார்கள். அன்று அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, நான்கு சீட்டுகளோடு கம்பெனிக்குப் போனேன். சீட்டுகளை நான் வேதப்புத்தகத்துக்குள்தான் வைப்பேன். வீட்டில் யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான். "உன் லாக்கர்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"வேற வேற நகையா இருக்கும்மா," என்றார் மேனேஜர்.

சீட்டுகளை அவர் மேஜையில் பரப்பினேன். நான்கிலும் ஒரே விவரம்: கொக்கி உடைந்து செம்புக் கம்பி கட்டிய சங்கிலி, இருபத்திமூன்று கிராம் நானூறு மில்லி. எப்படியும் அடகுக்குத் திரும்பப் போகிற சங்கிலிதானே என்று நான் அந்தக் கொக்கியைச் சரிசெய்யவே இல்லை. கழற்றிக் கொடுத்து, "உங்க தராசுலயே போடுங்க," என்றேன்.

தராசு அதே எண்ணைக் காட்டியது.

"மூணு கடனுக்கும் இதுதான ஈடு? நான் பணம் கட்டலன்னா இது உங்க பெட்டியிலல்லா இருக்கணும்? எங் கழுத்துக்கு எப்படி வந்துச்சு?"

மேனேஜர் சீட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டார். "செத்த நேரம் இருங்க," என்று உள்ளே போனார். மூன்று கடனும் முடிந்துவிட்டதாகக் கடிதம் அடித்து, சீல் வைத்துக் கையில் தரும்வரை நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. அந்தக் கடிதத்தைச் சேர்த்து மறுபடியும் புகார் போட்டேன். இந்தத் தடவை மூன்றும் நீங்கின.

புது அறிக்கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அதே அதிகாரி. "எல்லாம் சுத்தமா இருக்கும்மா. ஈடா நகை எதும் வைக்கியளா? வேல சீக்கிரம் முடியும்," என்றார்.

"வேண்டாம் சார். எம் பேர நம்பிக் குடுங்க," என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

கொடுத்தார்கள். ஓவர்லாக் மெஷின்கள் வந்து இறங்கிய வாரம், சங்கிலியை ஆசாரியிடம் கொடுத்துச் செம்புக் கம்பியை எடுத்துவிட்டுத் தங்கக் கொக்கி போட்டேன். இப்போது அதன் எடை எந்தச் சீட்டோடும் பொருந்தாது.