பென்சிலில் எழுதிய விலாசம்

பென்சிலைக் கூராகச் சீவி முடிக்காமல் சகாயராணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மாட்டார். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பூமிநாதனின் பிரௌசிங் சென்டர், சனிக்கிழமை மதியம். சீவல் தரையில் சிந்தாமல் ஒரு பழைய கவருக்குள் விழும். பிறகு கைப்பையிலிருந்து வெள்ளை ரப்பர் வரும், நூல்கயிறு போட்டுக் கட்டிய நூலக அட்டைக் கட்டு வரும். மோடம் கீச்சிட ஆரம்பித்ததும் சிலுவை போட்டுக்கொள்வார். "லைன் கெடைக்கணும்ல!"

எங்கள் கல்லூரி நூலகர் அவர். வயது நாற்பத்தாறு. தினமும் காளையார்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருகிறார். நான் அதே கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவன். புதுப் புத்தகமே வருவதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் புலம்பிப் புலம்பியே எனக்கு முடி நரைத்தது. அவர் புலம்பவில்லை. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடக்கும் பழைய நூல்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி, அலமாரியில் இருக்கும் புத்தகங்களின் அட்டைகளோடு அதே இழுப்பறையில் செருகிவிட்டார். இரண்டு வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் சேர்ந்துவிட்டது.

தேடுவதற்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் ஏதாவது வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியலைத் திறந்து, ஆசிரியர் பெயரையும் வருஷத்தையும் சரிபார்ப்பார். "எழுதுனவரு செத்து எத்தன வருசமாச்சுன்னு பாக்கணும் சார். உரிமை தீந்திருந்தாத்தான் நமக்கு ஓசி." அதற்குப் பிறகுதான் தேடுபொறி. திரையில் ஏராளமாக முடிவுகள் வந்தால் மற்றவர்கள் மகிழ்வார்கள். இவர் உதட்டைப் பிதுக்குவார். "பத்தாயிரம் கெடச்சிச்சுன்னா ஒண்ணுமே கெடைக்கலன்னு அர்த்தம்."

அட்டையில் பெயர், தலைப்பு, வருஷம் எல்லாம் நீல மையில், குண்டு குண்டு எழுத்தில் இருக்கும். இணைய விலாசம் மட்டும் பென்சிலில். அட்டையைத் திருப்பினால், பின்பக்கம் அந்த நூலின் முதல் வரி, மையிலேயே. "என்ன மேடம், பாராயணம் பண்ணப் போறீங்களா?" என்று நான் கேலி செய்ததுண்டு.

"நாலஞ்சு செட்டியார் வீட்டுல நம்ம காலேஜுக்கு மூட்ட மூட்டையாப் புத்தகம் குடுத்தாக சார். பாதிக்கு மேலட்டையே இல்ல, பேரு போட்ட பக்கத்தையும் கரையான் தின்னுருச்சு. மொத வரிய வச்சு மத்த லைப்ரரிப் புத்தகத்தோட ஒப்பிட்டுத்தான் ஒவ்வொண்ணும் இன்னதுன்னு கண்டுபிடிச்சேன். தலப்ப மாத்துவாக, விலாசத்த மாத்துவாக. மொத வரிய எவன் மாத்துவான்?"

எனக்கு அப்போது அது ஒரு கிறுக்காகத்தான் பட்டது.

என் எம்.பில். மாணவி ரோகிணி கண்மாய்ப் புற்களைப் பற்றி ஆய்வு செய்தாள். பாதி ஆய்வு நின்றது ஒரே பழைய நூலின் மேல். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எழுதியது, சகாயராணி இன்டர்நெட்டில் கண்டெடுத்தது. ஆய்வேட்டைத் திருத்திய மதுரைப் பேராசிரியர் மெய்யநாதனிடமிருந்து ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. "இப்படியொரு நூல் எனக்குத் தெரிந்த எந்த நூலகத்திலும் இல்லை. திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வில் நூலைக் காட்ட வேண்டும். இல்லையேல் ஆய்வேடு நிராகரிக்கப்படும்." இல்லாத புத்தகத்தை இவள் கற்பனை செய்துவிட்டாள் என்பதுதான் அதன் பொருள். நூலைக் கண்ணால் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட நெறியாளன் நான்.

மறுநாள் நான், ரோகிணி, சகாயராணி மூன்று பேரும் பூமிநாதன் கடையில் இருந்தோம். நூலைச் சேமித்திருந்த பிளாப்பி பூசணம் பிடித்துத் திறக்கவில்லை. அட்டையில் இருந்த விலாசத்தை அடித்தால், அப்படியொரு பக்கமே இல்லை என்று திரை கைவிரித்தது. சகாயராணி தலைப்பைப் போட்டுத் தேடினார், வரவில்லை. ஆசிரியர் பெயரைப் போட்டார். அதே பெயரில் ஒரு குதிரைப் பந்தயக்காரர் வந்தார். ரோகிணி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பூமிநாதனை, மோடத்தை, அந்த வெள்ளைக்காரனை, எல்லாரையும் திட்டினேன்.

"எதுக்கு சார் இப்பிடிப் பதறுறீக? புத்தகம் சாகலயே. வீடு மாறியிருக்கும், அம்புட்டுத்தான்." சகாயராணி அட்டையைத் திருப்பினார். முதல் வரியை மேற்கோள் குறிக்குள், ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். 'மழைக்கு முன் கண்மாயின் அடியைப் பாராதவன் இந்நாட்டுப் புல்லை அறியான்' என்கிற பொருளில் ஓர் ஆங்கில வரி. திரை மெதுவாக வெளுத்தது.

ஒரே ஒரு முடிவு வந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில், தலைப்பைப் பாதியாகச் சுருக்கி, ஆசிரியர் பெயரே இல்லாமல், முழு நூலும் கிடந்தது.

"பாத்தீகளா, அங்குட்டுப் போய்க் குடியிருக்கு!" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அழுதேன். பூமிநாதன் பிரிண்டரைத் தட்டிவிட்டார். அது இருட்டும்வரை கடகடத்தது.

திங்கட்கிழமை மெய்யநாதன் அந்தத் தாள்கட்டை அரைமணி நேரம் புரட்டினார். ரோகிணியிடம் இரண்டே கேள்விகள் கேட்டுத் தேர்வை முடித்தார். பிறகு, சுவரோரம் உட்கார்ந்திருந்த சகாயராணியிடம் தானே எழுந்து போனார்.

"இருபது வருஷமா இதத் தேடுறேன்மா. எனக்கும் ஒரு அட்ட எழுதிக் குடுங்க." தங்க மூடி போட்ட தன் பேனாவை நீட்டினார்.

சகாயராணி அதை வாங்கிப் பெயர், தலைப்பு, வருஷம் எழுதினார். அட்டையைத் திருப்பி, எதையும் பார்க்காமல் முதல் வரியை எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டு, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். விலாசம் எழுதும் இடம் காலியாக இருந்தது. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, நுனியைப் பார்த்து, அந்த இடத்தை நிரப்பினார். பின்பு வெள்ளை ரப்பரை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அட்டையோடு சேர்த்துப் பேராசிரியர் கையில் வைத்தார்.